எட்டு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால்

மார்ச் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நான், கடை, கடை வாசல் பூனை மூன்று பேரும் சுகம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, சின்னக்குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டதாமே, சிரிக்கும்போது போட்டோ எடுத்து அனுப்பு.

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். போனில் நீ "ம்" என்பாய். எவ்வளவு நேரம் பேசினாலும் "ம்" தான். அதைக் கொண்டுபோய் எந்த ஃபைலில் போடுவது? அதனால் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கொக்கி மாட்டி இழுக்கிற மாதிரி வலி. கடையில் வேலை செய்கிற பெண்கள் கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். போன வாரம் பழுப்பு நூல் கேட்ட டெய்லருக்கு மெரூன் நூலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் திருப்பிக் கொடுத்தபோது சண்டைக்கும் போனேன். அப்புறம் வெளிச்சத்தில் பார்த்தால் மெரூன். நூல் நிறத்தில் நான் தப்புப் பண்ணினால் அது கண்ணாடி விஷயம் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தலைக்குள் படம் எடுத்தார்கள். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பொத்தான் அளவு வீங்கியிருக்கிறதாம். "எந்தப் பொத்தான் டாக்டர்? சட்டைப் பொத்தானா, கோட்டுப் பொத்தானா?" என்று கேட்டேன். அவர் சின்னப் பையன், திருதிருவென்று விழித்துவிட்டுத் தன் வெள்ளைக் கோட்டையே தொட்டுக் காட்டினார். அது பெரிய சைஸ். ஜூன் மாதம் ஆபரேஷன். நன்றாக எழுந்து வர வாய்ப்பு அதிகம், வராமல் போகவும் கொஞ்சம் இருக்கிறது, உயிரோடு வந்து பேச்சு வராமல் போகவும் கொஞ்சம் இருக்கிறது என்றார். நேர்மையான ஆள்.

இப்போது விஷயம். எனக்கு நினைவு தப்பினால், பேச முடியாமல் போனால், என் உடம்புக்கு என்ன செய்யலாம், எதை நிறுத்தலாம் என்று என் சார்பில் சொல்ல ஒரு ஆளை இப்போதே நியமிக்க வேண்டுமாம். பொத்தான் விற்றதில் எனக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. நீதான் இருக்கிறாய். இருந்தாலும் வேறு யாரும் இல்லை என்பதற்காக உன்னைக் கேட்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாம் இரண்டு பேரும் ஒரே மனதாக நின்று முடிவெடுத்தோம். அந்த மாதிரி ஆள் வேண்டும்.

சம்மதமா என்று எட்டு நாளுக்குள் எழுது. நம் பில்லின் அடியில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும்: "சரக்கு கைக்கு வந்த எட்டு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கருதப்படும்." அந்த ரப்பர் ஸ்டாம்பைப் பள்ளிக்கூடம் விட்டு வந்து நாக்கைத் துருத்திக்கொண்டு குத்தினவனே நீதானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் நலம். உங்கள் தலைவலி இப்போது எப்படி இருக்கிறது? படித்துவிட்டு இவள் அழுதாள். "நான் போய்க் கூட இருக்கட்டுமா" என்று கேட்கச் சொல்கிறாள்.

இங்கே தண்ணீர் நிலையத்தில் வேலை அதிகம். ஆற்றில் கலங்கல் தண்ணீர் வரத் தொடங்கிவிட்டது. வடிகட்டித் தொட்டிகளை இரவு பகலாகக் கழுவுகிறோம். இரண்டாவது பம்ப்பில் ஒரு சத்தம் கேட்கிறது, என்ன என்று பிடிபடவில்லை.

வேறொரு டாக்டரிடமும் அந்தப் படத்தைக் காட்டுங்கள் அக்கா. உப்பைக் குறையுங்கள். கடையில் உயரமான தட்டுகளுக்கு ஏணி போட்டு நீங்களே ஏற வேண்டாம். குட்டியின் போட்டோ இத்துடன் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டுதான் நிற்பேன் என்று அடம்பிடித்தாள்.

மற்றவை பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

நான் சுகம். வலி காலையில் வந்து மத்தியானம் போகிறது, கவர்மெண்ட் உத்தியோகம் மாதிரி. உன் வீட்டுக்காரியின் நல்ல மனதுக்கு என் அன்பைச் சொல். ஜூனில் வந்தால் போதும், இப்போதே வந்தால் எனக்குச் சமைத்துப் போட்டே என்னைப் படுக்க வைத்துவிடுவாள்.

போட்டோவைக் கல்லாப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்கிறாளே, உன்னையே உரித்து வைத்த மாதிரி.

இரண்டாவது டாக்டரிடமும் போனேன். அவரும் அதையே சொல்லிவிட்டு அதிகமாகப் பீஸ் வாங்கினார்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பம்ப் சத்தமெல்லாம் எழுதியிருக்கிறாய். சரி, எட்டு நாள் கடந்தது, மறுப்பு வரவில்லை, உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அந்தக் காகிதங்களைப் பார்க்கிற அம்மாள் ரொம்பக் கறார்.

"உங்க தம்பிகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்புறம் எப்படிம்மா எழுதறது?"

"ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு அர்த்தம்."

"யார் சொன்னது?"

"என் பில் புக்கு."

அவள் சிரிக்கவே இல்லை. "இது சரக்கு இல்லைம்மா" என்றாள். நான் சொன்னேன்: "உங்களுக்கு என் தம்பியைத் தெரியாது. அவன் சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். பிடிச்சதுன்னா பேசமாட்டான்." எழுதிக்கொண்டாள்.

பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. வருகிற வழியில் எதிர்க்கடைக்காரர் நான் கண்ணைக் கசக்குவதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஜிப்பெல்லாம் தேங்கிடுச்சா, அழறே?" என்றார். நானும் அவரும் ஒரே சரக்கை எதிரும் புதிருமாக விற்கத் தொடங்கி எத்தனை வருஷம்! ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. "உங்க எலாஸ்டிக்கை நினைச்சேன், அழுகை வந்துடுச்சு" என்றேன்.

பம்ப்பைப் பார்த்துக்கொள், உன்னையும்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போனது. இப்போது பரவாயில்லை. உங்கள் உடம்பு எப்படி?

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து என் பிறந்த தேதி, விலாசம் கேட்டார். சொன்னேன். "வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். இல்லை என்றேன். வைத்த பிறகு வெகுநேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேனாம், இவள் சொன்னாள்.

ஒரு விஷயம் அக்கா. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே. எது வரைக்கும் போகலாம், எங்கே போதும் என்று ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பினால் நன்றாக இருக்கும். அது இல்லாமல் எனக்கு எதுவும் புரியாது.

இரண்டாவது பம்ப்பைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே உடைசல் ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் இருக்கிறது.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

எல்லோருக்கும் காய்ச்சல் தெளிந்ததா? குட்டிக்கு நாக்கில் ருசி வந்துவிட்டதா? நான் சுகம். மாடிப்படியில் ஒருமுறை தடுமாறினேன், விழவில்லை.

என்ன வேண்டும் என்று எழுது என்கிறாய். எப்படி எழுதுவது? சரக்கைப் பார்க்காமல் நான் என்றைக்காவது விலை சொல்லியிருக்கிறேனா? நாளைக்கு நான் எந்த நிலைமையில் கிடப்பேன் என்று இன்றைக்குத் தெரியாது. அப்போது நீ பக்கத்தில் நின்று பார்ப்பாய், நிலவரம் தெரியும், முடிவு பண்ணுவாய். எழுதிக் கொடுத்தால் நடக்கிற வேலைக்கு ஆள் எதற்கு, காகிதம் போதுமே.

அம்மாவுக்கு எப்படி நின்றாயோ அப்படி நில். எனக்கு அந்த வராந்தா இன்னும் அப்படியே இருக்கிறது. சுவரில் பாதி வரைக்கும் பச்சை பெயிண்ட். தண்ணீர் பிடிக்கிற குழாய், அதன் கீழே ஒழுகுகிற வாளி. மூச்சு மெஷினைத் தொடரலாமா, எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று டாக்டர் கேட்டார். நான் உன்னைப் பார்த்து, "என்னடா, தொடரலாம்தானே?" என்றேன். நீ அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாய். மறுக்கவில்லை. அதனால்தான் தயங்காமல் கையெழுத்துப் போட்டேன். அம்மா அப்புறம் அந்தக் கட்டிலில் கிடந்த காலமெல்லாம், "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்போதும் தூக்கம் வராத ராத்திரிகளில் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆபரேஷன் ஜூன் 27. நீ முந்தின நாளே வந்துவிடு. உன் பழைய அறையில் ஜிப் மூட்டைகளை அடுக்கியிருக்கிறேன், ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம்.

இந்தக் கடிதத்தை எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று இவளுக்குத்தான் தெரியும். கடைசியில் அவள் வந்து, "முதல் வரியிலேயே எழுதிடுங்க, இல்லேன்னா மறுபடியும் பம்ப்பைப் பத்தி எழுதிடுவீங்க" என்றாள். எழுதிவிடுகிறேன்.

என்னால் முடியாது அக்கா. என் பெயரை எடுத்துவிடுங்கள். சரக்கைத் திருப்பி அனுப்புகிறேன்.

அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு நான் நின்றது சரி என்று சொல்வதற்காக இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் நின்றேன். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் இருக்கிறாளோ அவ்வளவு நேரம். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேனாவை எடுத்துவிட்டீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் கேட்டீர்கள். கேட்டபோது நான் சொல்லவில்லை.

பிடித்தால் பேசமாட்டேன் என்று அந்த அம்மாளிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அக்கா, பிடிக்காவிட்டால்தான் நான் பேசமாட்டேன். எனக்கு ஞாபகம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். என்னை இன்ஜினியரிங் படிக்கவைக்க நீங்கள் பணம் கட்டிவிட்டு வந்து சொன்ன அன்றைக்கும் நான் பேசவில்லை. என் கல்யாணத்துக்கும் பேசவில்லை. அது நல்லபடியாக முடிந்தது என் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை என்று இவளே சொல்கிறாள்.

நாளைக்கு நீங்கள் பேச முடியாமல் கிடப்பீர்கள். எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள். நான் எதையாவது பார்த்துக்கொண்டு நிற்பேன், யாராவது அதற்கு ஒரு அர்த்தம் சொல்லி நடத்திவிடுவார்கள். இன்னொரு முறை அது நடக்கக் கூடாது.

ஆபரேஷனுக்குக் கண்டிப்பாக வருவேன். கூட இருப்பேன். அந்தக் காகிதத்தில் மட்டும் நான் வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி


ஜூன் 10

தம்பிக்கு,

எல்லோரும் சுகம்தானே? நான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். மறுநாள் திறந்தேன், ஆனால் வியாபாரத்தில் மனது நிற்கவில்லை. பேரம் பேச வந்தவனிடம் அவன் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன். அவன் பயந்துபோய் சரக்கில் ஏதோ கோளாறு என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். உனக்காக இவ்வளவு செய்தேனே என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எண்ண எண்ண ஒவ்வொன்றிலும் நீ பேசாமல் நின்ற முகம்தான் வந்தது. எத்தனை மூட்டைகளை உன் வாசலில் இறக்கிவிட்டு, திரும்பி வரவில்லை, பிடித்துவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறேன்! டெய்லர்களாவது சரக்குப் பிடிக்காவிட்டால் முகத்தில் எறிவார்கள். நீ எல்லாவற்றையும் உள்ளே எடுத்து அடுக்கிவைத்திருக்கிறாய்.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஹாஸ்டலுக்குப் போய் எழுதிய முதல் கடிதத்தில் "அக்கா, நீ எப்படி இருக்கிறாய்" என்று இருக்கிறது. அடுத்ததிலிருந்து "நீங்கள்". அன்றைக்கு நான் அதைக் கடைப் பெண்களிடமெல்லாம் காட்டி, "படிச்சதும் மரியாதை வந்துடுச்சு பாரு" என்று பீற்றிக்கொண்டேன்.

அம்மா விஷயம். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. ராத்திரியில் சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம் வைத்திருந்தேன், அதை நீ எடுத்துக்கொண்டுவிட்டாய். எடுத்தது சரிதான். ஆனால் அந்த இடம் காலியாக இருக்கிறது.

உன் பெயரை எடுத்துவிட்டேன். யார் பெயர் போட்டிருக்கிறேன் என்று கேட்டால் நம்ப மாட்டாய். எதிர்க்கடைக்காரர். அவராகத்தான் கடைக்குள் வந்தார். என் படியை அவர் மிதித்ததே அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, ரெண்டு வாரமா விலையைக் குறைச்சு வித்துக்கிட்டு இருக்கே. உனக்கு உடம்பு சரியில்லையா, என்னை ஒழிக்கப் பார்க்கறியா?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

"தம்பி முடியாதுன்னுட்டானா? வாயைத் திறந்தா?"

"எழுதி."

"பரவாயில்லையே, ஆளாயிட்டான்." ஸ்டூலை இழுத்துப் போட்டார். அப்புறம், "அந்தக் காகிதத்தை இங்கே கொடு" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு?"

"உன் கடைசி விலை என்னன்னு இத்தனை வருஷமா உன் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ எப்போ நெசமா வேண்டாங்கறே, எப்போ விலையை இறக்க வேண்டாங்கறேன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி வேற எவனுக்குத் தெரியும்?"

"நீங்க என் எதிரியாச்சே."

"அதனாலதான். நீ போயிட்டா நான் யாரைப் பார்த்துக்கிட்டு காலையில கடை திறக்கறது?"

அப்படியும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. எது வரைக்கும், எங்கே நிறுத்தணும், சொன்னால்தான் கையை நீட்டுவேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நீ கேட்டபோது சொல்லாததை அவரிடம் சொன்னேன், உனக்கும் எழுதுகிறேன். ஆறு வாரம் வரைக்கும் டாக்டர் எது கேட்டாலும் சரி என்று சொல்லலாம். தினமும் எனக்கு ஒரு பொத்தானைக் காட்ட வேண்டும். இரண்டு துளைப் பொத்தானா, நாலு துளைப் பொத்தானா என்று கண்ணாலாவது நான் காட்டினால் விடக் கூடாது. அதற்கும் வழியே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், மெஷினை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஜன்னல் பக்கம் கட்டில். அந்த ஜன்னல் உன்னிடம் வாங்கினது.

இப்போது ஒன்று கேட்கிறேன். இதற்கு எட்டு நாள் கெடு கிடையாது. இன்ஜினியரிங் வேண்டாம் என்றால் அன்றைக்கு உனக்கு என்னதான் வேண்டியிருந்தது? அதை மட்டும் எழுது. நான் எதுவும் செய்ய மாட்டேன். தெரிந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பம்ப் அறையில் நின்றுகொண்டே படித்தேன். உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "நான் இருக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

கேட்டதற்குப் பதில். எனக்குக் கடை வேண்டியிருந்தது.

உங்களோடு கடையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பில்லில் ஸ்டாம்ப் குத்துவேனே, நீங்கள் கத்தரியால் மேஜையைத் தட்டிக்கொண்டே பேரம் பேசுவீர்களே, நான் காலம் முழுக்க அங்கேதான் இருக்கப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். பெரிய படிப்புப் படித்து நீ பெரிய ஆளாக வேண்டும் என்று நீங்கள் பணம் கட்டி வந்தபோது, என்னை அனுப்புகிறார்கள், நான் இங்கே உபயோகம் இல்லை என்று எனக்குப் பட்டது. அதனால்தான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அந்த "நீங்கள்" வந்தது என்று நினைக்கிறேன். வேண்டுமென்று எழுதவில்லை.

இன்னொன்று. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஆயுசுக்கும் சொல்லாத "முடியாது" என்ற வார்த்தையைக் கொண்டுபோய் இந்த ஒன்றுக்குத்தானா சொன்னேன்? என்னென்னவோ இருந்தது, எதற்கெல்லாமோ சொல்லியிருக்கலாம். எதிர்க்கடைக்காரர் நல்லவர். ஆனால் அங்கே நான் நின்றிருக்க வேண்டும். என்ன வேண்டும் என்று இப்போது நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பொத்தானும் ஜன்னலும் எனக்குப் போதும். அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரையே போடுங்கள். இந்த முறை என் வாயால் சொல்கிறேன்: சம்மதம்.

25ஆம் தேதி கிளம்புகிறேன்.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு எதிர்க்கடைக்காரன் எழுதிக்கொள்வது.

குடும்பத்தோடு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, பில்தான் எழுதுவேன். போனில் அன்றைக்குச் சொன்னதுதான். ஆனாலும் எல்லாவற்றையும் எழுதிப் போடுங்கள் என்று உன் அக்கா முன்பே உத்தரவு போட்டிருக்கிறாள்.

19ஆம் தேதி மத்தியானம் கடையிலேயே சரிந்துவிட்டாள். கையில் பொத்தான் டப்பா. நான்தான் ஓடினேன். ரத்தக்குழாய் கசிந்துவிட்டது, 27 வரைக்கும் காத்திருக்க முடியாது என்று அன்றைக்கே ஆபரேஷன் செய்துவிட்டார்கள். உயிர் இருக்கிறது. கண் திறக்கிறாள். பேச்சு இல்லை, கையும் காலும் அசையவில்லை. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கலாமா என்று கேட்டார்கள். ஆறு வாரம் எல்லாவற்றுக்கும் சரி என்று அவள் சொல்லியிருக்கிறாள், சரி என்று கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு சுலபமாக ஒரு விலைக்கும் நான் அவளிடம் சம்மதித்தது கிடையாது.

உன் 17ஆம் தேதிக் கடிதம் 22ஆம் தேதி கடைக்கு வந்தது. உன்னைக் கேட்காமல் பிரித்தேன், மன்னித்துக்கொள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். "எனக்குக் கடை வேண்டியிருந்தது" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன். அவளிடம் ஒரு அசைவும் இல்லை. கண்ணீர் வந்தது, விரல் ஆடியது என்றெல்லாம் எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். நான் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொன்னதில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமலும் இருந்திருக்கலாம்.

பெயரை மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறாய். இனிமேல் முடியாதாம். உன் அக்கா தன் கையால் மாற்றினால்தான் உண்டு என்று அந்தக் கறார் அம்மாள் சொல்லிவிட்டாள். அவளுக்கும் முகம் வாடிப் போயிற்று.

தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் போய் ஒரு பொத்தானைக் காட்டுகிறேன். கண் அதன் மேல் வருகிறது. நிற்கிறதா, சும்மா கடந்து போகிறதா என்று எனக்கே தெரியவில்லை. இந்த முகத்தை இத்தனை வருஷம் படித்தேன் என்று அவளிடம் பெருமை அடித்துக்கொண்டேனே, இப்போது ஒரு எழுத்துப் புரியவில்லை.

மழையில் பாலம் போய் நீ அங்கே மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். பாலம் ஆனதும் வா. ஜூலை முடிகிற வரைக்கும் நேரம் இருக்கிறது. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று அவள் சொல்லியிருப்பதை நான் செய்வேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து நில். ஆனால் வாளியைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

உன் கடையைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன். உங்கள் டெய்லர்கள் என்னிடம் வருகிறார்கள். விற்கிறேன், ஆனால் ருசிக்கவில்லை.

எதிர்க்கடை


ஜூலை 3

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். அதை நானே வந்து பார்க்கிறேன். பாலத்தில் இரண்டு நாளாகத் தபால் பையை மட்டும் விடுகிறார்கள், ஆட்களை அடுத்த வாரம் விடுவார்களாம். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்துவிடும். எதிர்க்கடைக்காரர் படித்துக் காட்டுவார்.

இரண்டாவது பம்ப்பை எனக்குப் பதிலாக வந்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டேன். அவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதுல சத்தமே இல்லையே சார்" என்றான்.

குட்டி உனக்கு ஒரு படம் கொடுத்திருக்கிறாள். உன் கடை. வாசலில் பூனை, மேஜையில் நீ, பக்கத்து ஸ்டூலில் நான். அப்பா கையில் என்ன என்றதற்கு "ஸ்டாம்ப்" என்றாள். நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

அக்கா, நீ கேட்டாய், நான் சொன்னேன், நீ அதைக் கேட்டாயா என்று யாருக்கும் தெரியவில்லை. நாள் முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பார்த்து நீ இத்தனை வருஷம் நின்ற இடத்தில் இப்போது நான் நிற்கிறேன். ஒருத்தர் பேசாமல் இருந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கும் தெரியவில்லை. உனக்காவது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது.

அதனால் அதையே நானும் எடுத்துக்கொள்கிறேன். வந்ததும் உன்னைப் பார்த்துவிட்டு நேராகப் போய்க் கடையைத் திறக்கப் போகிறேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. லீவு முடிந்ததும் திரும்பி வரமாட்டேன் என்று இவளிடம் சொன்னேன். "உங்க வாயால ரெண்டாவது தடவையா ஒண்ணு கேட்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் அவள் புடவைகளையும் அடுக்கத் தொடங்கிவிட்டாள். நூல் நிறமெல்லாம் எனக்கு மறந்திருக்கும். மெரூனைப் பழுப்பு என்று கொடுப்பேன். எதிர்க்கடைக்காரர் என்னை ஏமாற்றி உன் டெய்லர்களையெல்லாம் இழுத்துக்கொள்வார். பேரம் பேசத் தெரியாமல் கேட்ட விலைக்குக் கொடுப்பேன்.

இதெல்லாம் உனக்குப் பிடிக்காது. எனக்குத் தெரியும். ஆனால் எட்டு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் நீ ஏற்றுக்கொண்டதாகத்தான் நான் கருதுவேன்.

வேண்டாம் என்றால் வாயைத் திறந்து சொல். அதைக் கேட்கத்தான் வருகிறேன்.

உன் தம்பி